புது டியூப், புது ஸ்டார்ட்டர், புது சோக்: ஆனாலும் சாயங்காலம் மட்டும் எரியாத டியூப் லைட்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். ஒரு டியூப் லைட் விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

அப்பா அம்மா இருப்பது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா தையல்காரர். முன்னறையில் மெஷின், அதற்கு நேர் மேலே 4 அடி டியூப். தகர ஃபிட்டிங், காப்பர் சோக் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருள்), ஸ்டார்ட்டர் எல்லாம் உள்ள பழைய மாதிரி செட்.

காலையில் சுவிட்சைப் போட்டால் நாலைந்து தடவை மினுக்கிவிட்டு எரிந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் போட்டால் இரண்டு முனையும் ஆரஞ்சாகக் கனல்கிறது, நடுவில் ஒரு வெட்டு வெட்டுகிறது, அணைகிறது, மறுபடியும் கனல்கிறது. விட்டால் இரவு முழுக்க இதையே செய்யும். ஆனால் பகலிலேயே போட்டு வைத்துவிட்டால் இரவு வரை எரிகிறது. நடுவில் கரண்ட் போய் வந்தால் அவ்வளவுதான், மறுபடி எரியாது.

உள்ளூர் எலக்ட்ரிஷியன் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றினார். அப்புறம் டியூப். அப்புறம் சோக். மூன்றும் புதிது, கோளாறு மட்டும் பழையது. அதே அறையில் ஃபேன் நன்றாகவே ஓடுகிறது.

தீபாவளித் துணி குவிகிற நேரம். கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்று போலத் தெரிகிறது என்று அப்பா ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறார். நான் சென்னையிலிருந்து போனில்தான் கேட்டுச் சொல்ல முடியும். எங்கே தேட வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தீப்பொறி எழுதியது:

இதற்கு மேல் அந்தச் செட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (ஃபிட்டிங்கோடு சேர்ந்தே வரும் எல்.இ.டி. குழல் விளக்கு) ஒன்று வாங்கி மாட்டுங்கள். 36 வாட் டியூபும் காப்பர் சோக்கும் சேர்ந்தால் 45 வாட்டுக்கு மேல் இழுக்கும். சோக் மட்டுமே பத்து வாட் போலச் சூடாக்கி வீணடிக்கிறது. எல்.இ.டி. வோல்டேஜ் குறைந்தாலும் எரியும். ஒரே நாளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வயர்மேன்_திருச்சி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டியூப், ஸ்டார்ட்டர், சோக் மூன்றும் மாறியும் கோளாறு அப்படியே இருந்தால், அந்த மூன்றையும் விட்டுவிட்டு அவற்றுக்கு வருகிற கரண்டைப் பார்க்க வேண்டும்.

எரிந்துகொண்டிருப்பது அணையவில்லை, ஆனால் அணைந்தால் திரும்ப எரியவில்லை. காலையில் சரி, ஊரே விளக்குப் போடுகிற நேரத்தில் தகராறு. இது வோல்டேஜ் குறைவின் அடையாளம். காப்பர் சோக் செட்டுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கவலை இல்லை. 180-க்குக் கீழே போனால் திணறும். ஒருமுறை பற்றிக்கொண்ட டியூப் அதைவிடக் குறைவான வோல்டேஜிலும் ஓடும், பற்ற வைப்பதுதான் கஷ்டம்.

உள்ளூர் எலக்ட்ரிஷியனை மல்டிமீட்டரோடு சாயங்காலம் வரச் சொல்லுங்கள். காலையில் வந்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சுவிட்ச் போர்டில் எவ்வளவு, டியூப் செட்டுக்குள் வயர் நுழையும் கனெக்டரில் எவ்வளவு, இரண்டும் தனித்தனியாக வேண்டும். டெஸ்டர் வைத்து 'கரண்ட் வருகிறது' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்டரில் இருக்கிற நியான் 100 வோல்ட்டுக்கும் எரியும், 230-க்கும் எரியும்.

சாலிடர்_புகை எழுதியது:

வயர்மேன் அண்ணன் சொன்னதற்குக் காரணம் புரிந்தால் அளப்பது எளிதாக இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சுவிட்சைப் போட்டதும் டியூப் எரிவதில்லை. கரண்ட் சோக் வழியாக ஒரு முனை இழை, ஸ்டார்ட்டர், மறு முனை இழை என்று சுற்றி வருகிறது. ஸ்டார்ட்டர் உருளைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், அதில் வாயு, இரண்டு தகடுகள். ஒரு தகடு சூட்டில் வளையும். முழு வோல்டேஜ் கிடைத்ததும் குமிழுக்குள் வாயு ஒளிர்ந்து, அந்தச் சூட்டில் தகடு வளைந்து மற்றதைத் தொடுகிறது. தொட்டதும் வழி முழுமையாகி இரண்டு முனை இழைகளும் பழுக்கின்றன. நீங்கள் பார்க்கிற ஆரஞ்சுக் கனல் அதுதான். தொட்ட பிறகு குமிழில் ஒளிர்வு இல்லை, தகடு ஆறிப் பிரிகிறது. பிரிகிற அந்த நொடியில் சோக் பல நூறு வோல்ட்டுக்கு ஒரு உதை கொடுக்கிறது. இழைகள் போதுமான சூட்டில் இருந்தால் அந்த உதையில் டியூபுக்குள் மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்துவிடும். பாய்ந்த பின் டியூபின் இரு முனைக்கும் நடுவே இருப்பது 100 வோல்ட் சுமார்தான். அது ஸ்டார்ட்டரை மறுபடி ஒளிர வைக்கப் போதாது. அதனால் ஸ்டார்ட்டர் ஒதுங்கிவிடும்.

வோல்டேஜ் குறைந்தால் இழையும் சரியாகப் பழுக்காது, சோக்கின் உதையும் வலுவாக இருக்காது, பாய்ந்ததும் நிலைக்காது. ஸ்டார்ட்டர் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் இழையில் பூசிய பூச்சு கொஞ்சம் பறக்கும். முனைகள் கறுப்பது அதனால்தான். இப்படியே இரவெல்லாம் மினுக்க விட்டால் அந்தப் புது டியூபும் சீக்கிரம் போய்விடும். பற்றவில்லை என்றால் உடனே அணைத்துவிடச் சொல்லுங்கள்.

தீப்பொறி சொல்வதில் ஒரு விஷயம் மட்டும் கவலையாக இருக்கிறது. எல்.இ.டி. பேட்டன் நிறைய 100 வோல்ட்டிலிருந்தே எரியும். எலக்ட்ரானிக் சோக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதை மாட்டினால் விளக்கு எரியும், ஏன் வோல்டேஜ் குறைகிறது என்ற கேள்வி அப்படியே மூடிவிடும்.

தீப்பொறி எழுதியது:

மூடினால் என்ன? வோல்டேஜ் குறைவது கிராமத்தில் சகஜம். டிரான்ஸ்ஃபார்மர் லைனில் கடைசி வீடாக இருக்கும். அதை நாம் போய்ச் சரி செய்ய முடியாதே.

வயர்மேன்_திருச்சி எழுதியது:

டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்தால் ஃபேனும் சாயங்காலத்தில் இழுத்து இழுத்துச் சுற்றும். தம்பி ஃபேன் நன்றாக ஓடுகிறது என்கிறார். ஃபேனில் இருபது வோல்ட் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம், அதனால் இப்போதே தீர்ப்புச் சொல்லவில்லை. அளந்து வரட்டும்.

ஸ்பின்னிங்_மில் எழுதியது:

கோவையில் மில் மெயின்டனன்ஸில் இருந்தவன். ஒரு காலத்தில் எங்கள் ஷெட்டில் வரிசை வரிசையாக டியூப்தான். பொதுவாக டியூபை எப்படிப் படிப்பது என்று இந்த விவாதத்தைப் படிக்க வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு முனையும் கனன்று அப்படியே நிற்கிறது, மினுக்கவே இல்லை என்றால் ஸ்டார்ட்டரில் தகடு ஒட்டிக்கொண்டது, அல்லது அதற்குள் இருக்கும் சின்னக் கண்டென்சர் ஷார்ட். கை உலர்ந்திருக்க வேண்டும், மரப் பலகை மேல் நிற்க வேண்டும், பிளாஸ்டிக் உடலை மட்டும் பிடித்து ஸ்டார்ட்டரைத் திருகி எடுங்கள். எடுத்ததும் டியூப் எரிந்துவிட்டால் ஸ்டார்ட்டர்தான் குற்றவாளி.

எந்த அசைவும் இல்லை, முனையில் கனலும் இல்லை என்றால் வழி எங்கோ அறுந்திருக்கிறது. முக்கால்வாசி நேரம் சைடு ஹோல்டரில் பின் சரியாக உட்காராததுதான். டியூபை அரைச் சுற்றுத் திருப்பி உட்கார வைத்துப் பாருங்கள். மழை ஒழுகுகிற கூரை என்றால் ஹோல்டர் தகடு பச்சை பூத்திருக்கும். அதுவும் இல்லை என்றால் இழை அறுந்திருக்கலாம். கழற்றிய டியூபின் ஒரு முனையில் இருக்கும் இரண்டு பின்னுக்கு நடுவே மீட்டர் வைத்தால் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் அந்த டியூப் முடிந்தது.

புது டியூப் போட்டதும் முனைகள் பளிச்சென்று ஒரு கணம் எரிந்து செத்துப்போனால், தயவுசெய்து இன்னொரு டியூப் போடாதீர்கள். சோக் ஷார்ட். எத்தனை போட்டாலும் தின்னும். சோக்கைப் பார்க்க சீரியல் டெஸ்ட் போர்டில், அதாவது ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக, 100 வாட் குண்டு பல்போடு சேர்த்துப் பாருங்கள். நல்ல சோக் என்றால் பல்பு மங்கலாக எரியும், ஷார்ட் என்றால் முழு வெளிச்சம், அறுந்திருந்தால் இருட்டு. இதற்கு 40 வாட் பல்பு உதவாது. அது தானே கரண்டை மிகவும் கட்டுப்படுத்துவதால் நல்ல சோக்குக்கும் ஷார்ட் சோக்குக்கும் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. இது தெரியாமல் ஷார்ட் ஆன சோக்கை நல்லது என்று திரும்ப மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரீங்காரம் கேட்டால் சோக் தகடுகள் தளர்ந்திருக்கும், அல்லது சோக்கைப் பிடித்திருக்கும் திருகு. திருகை இறுக்கினாலே பாதி சத்தம் போகும். புது டியூபில் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளிந்தால் பயப்பட வேண்டாம், சில நாள் எரிந்தால் அடங்கிவிடும்.

அடுப்பங்கரை எழுதியது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு டியூப் சுவிட்சை அணைத்த பிறகும் லேசாக வெளுத்துத் தெரிகிறது. இருட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். சின்னவள் பயப்படுகிறாள். இது டியூபின் கோளாறா?

வயர்மேன்_திருச்சி எழுதியது:

அணைத்த சில நிமிஷத்தில் தானாக மறைந்துவிடுகிறதா, இல்லை விடியும்வரை அப்படியே இருக்கிறதா? மறைந்துவிட்டால் கண்ணாடியின் உட்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி ஒளியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை.

அடுப்பங்கரை எழுதியது:

இரவு எழுந்து பார்க்கும்போதெல்லாம் இருக்கிறது அண்ணா. மறைவதில்லை.

வயர்மேன்_திருச்சி எழுதியது:

அப்படியென்றால் டியூபைத் தொடாதீர்கள் அம்மா. சுவிட்ச் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகிற வயரில்) இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் நியூட்ரல்தான் அறுகிறது, ஃபேஸ் (கரண்ட் வருகிற வயர்) டியூபிலேயே நிற்கிறது. அதிலிருந்து கசிகிற கரண்ட் தகர ஃபிட்டிங் வழியாக லேசாக ஒளிர வைக்கிறது. சுவிட்சுக்குள் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் இப்படி வரலாம், ஆனால் முதலில் நியூட்ரல் சந்தேகத்தைத்தான் தீர்க்க வேண்டும்.

இதில் ஆபத்து என்னவென்றால், 'சுவிட்சை அணைத்துவிட்டேன்' என்ற தைரியத்தில் டியூபைக் கழற்றுகிறவர் ஹோல்டரைத் தொட்டால் முழு ஷாக். வீட்டில் யாரும் ஏற வேண்டாம். எலக்ட்ரிஷியனை வைத்து ஃபேஸை சுவிட்ச் வழியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே வீட்டில் மற்ற சுவிட்சுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மாற்றிப் போட்டவர் மற்றதிலும் போட்டிருப்பார்.

அடுப்பங்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன்.

குன்னூர்_மலை எழுதியது:

எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரியில் எல்லா டியூபும் விடியற்காலையில் தயங்கும். குளிரில் டியூபுக்குள் பாதரச ஆவி குறைவு, வெளிச்சமும் மங்கல். கொஞ்ச நேரம் எரிந்து சூடானதும் சரியாகிவிடும். கும்பகோணத்தில் அந்தப் பேச்சே இல்லை, அதுவும் உங்களுக்குத் தலைகீழாகக் காலையில்தான் எரிகிறது. அதனால் இந்தக் காரணத்தைத் தள்ளிவிடலாம் என்று சொல்லத்தான் எழுதினேன்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரிஷியன் நேற்று ஏழு மணிக்கு மீட்டரோடு வந்தார். சுவிட்ச் போர்டில் 206 வோல்ட். டியூபைக் கழற்றிவிட்டு செட் கனெக்டரில் வைத்தால் 205. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 'வயரிங்கில் குறை இல்லை, லைன் வோல்டேஜ்தான் குறைவு, ஸ்டெபிலைசர் வாங்குங்கள்' என்கிறார். வாங்கலாமா?

வயர்மேன்_திருச்சி எழுதியது:

வாங்க வேண்டாம், பொறுங்கள். 206 வோல்ட் வந்தால் நல்ல செட் எரிய வேண்டும்.

அவர் டியூபைக் கழற்றிவிட்டு அளந்திருக்கிறார். டியூபைக் கழற்றினால் அந்த வயரில் கரண்டே ஓடவில்லை. கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு மோசமான ஜாயின்ட் இருந்தாலும் வோல்டேஜ் குறையாது. மீட்டர் கேட்பது துளி கரண்ட். அந்தத் துளி எந்த ஜாயின்ட் வழியாகவும் வந்துவிடும். டியூபை மாட்டி, சுவிட்சைப் போட்டு, முனைகள் கனன்றுகொண்டிருக்கும்போது அதே கனெக்டரில் அளக்க வேண்டும். அப்போதுதான் அரை ஆம்பியர் அந்த வழியில் ஓடும், ஜாயின்டின் லட்சணம் தெரியும்.

உயிரோடு இருக்கிற கனெக்டரில் அளப்பது, அதனால் எலக்ட்ரிஷியன் மட்டும் செய்யட்டும். அப்பாவை ஸ்டூலில் ஏற விடாதீர்கள்.

இன்னொரு கேள்வி. வீடு எப்போது கட்டியது? சுவிட்ச் போர்டிலிருந்து டியூபுக்குப் போகிற வயர் எந்த மாதிரி?

காவிரிக்கரை எழுதியது:

தாத்தா கட்டிய வீடு. வயரிங் 1980-க்கு முன்னால் செய்தது என்று அப்பா சொல்கிறார். மரப் பட்டையின் மேல் கிளிப் அடித்து ஓட்டியிருக்கும். வயர் உள்ளே வெள்ளையாக இருக்கும், அலுமினியம். டியூப் லைட் செட் பிற்பாடு மாட்டியது. அதற்கு முன் அங்கே குண்டு பல்புதான் இருந்ததாம்.

சாலிடர்_புகை எழுதியது:

அலுமினியம் என்றதும் எனக்கு சந்தேகம் கூடிவிட்டது. குண்டு பல்பு இருந்த இடத்தில் டியூப் மாட்டியவர், சீலிங்கில் இருக்கும் மர ரவுண்ட் பிளாக்கில் அலுமினிய வயரோடு டியூப் செட்டின் காப்பர் வயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார். அலுமினியத்தின் மேல் காற்று பட்டதும் ஒரு ஆக்ஸைடு படலம் உருவாகும். அது கரண்டை விடாது. அதோடு காப்பரும் சேர்ந்து ஈரப்பதமும் இருந்தால் அரிப்பு வேறு. சூட்டில் அலுமினியம் கொஞ்சம் நசுங்கி ஜாயின்ட் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கிற காரியம் இது.

காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் சொன்னபடி டியூபை மாட்டி, சுவிட்சைப் போட்டு, சுமையோடு அளந்தாயிற்று. போர்டில் 206. கனெக்டரில் 168, கொஞ்சம் ஆடுகிறது, சில நேரம் 165. எலக்ட்ரிஷியனே ஆச்சரியப்பட்டுவிட்டார்.

உடனே மெயினை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ரவுண்ட் பிளாக்கைத் திறந்திருக்கிறார்கள். அப்பா போனில் காட்டினார். ஜாயின்டின் மேல் சுற்றிய கறுப்பு டேப் உருகிப் பிசின் மாதிரி ஒழுகி இறுகியிருக்கிறது. டேப்பைக் கீறி எடுத்தால் அலுமினிய முனையில் வெள்ளைப் பொடி, முறுக்கிய காப்பர் இழைகளில் பாதி அறுந்து கறுத்து நிற்கின்றன. கை வைத்ததும் மீதியும் உதிர்ந்தது. ஜாயின்ட் படுத்திருந்த இடத்தில் மரம் விரல் நகம் அளவுக்குக் கரியாகியிருக்கிறது. அதற்கு மேலே ஓட்டுக்குக் கீழே இருக்கும் மரச் சட்டம்.

வயர்மேன்_திருச்சி எழுதியது:

நல்ல நேரத்தில் திறந்தீர்கள் தம்பி. 206-க்கும் 168-க்கும் நடுவில் காணாமல் போன 38 வோல்ட், அரை ஆம்பியர் கரண்ட். கணக்குப் போட்டால் 19 வாட். சாலிடரிங் அயர்ன் ஒன்று மரத்துக்குள் சொருகி வைத்த அளவு சூடு. டியூப் எரிந்துகொண்டிருந்த பகல் முழுக்கவும் அதில் கொஞ்சம் குறைவாக அங்கே சூடு ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

காலையில் ஏன் எரிந்தது என்பதும் இப்போது புரியும். காலையில் போர்டில் 230 பக்கம் வரும், அதில் நாற்பது போனாலும் 190 மிச்சம். தட்டுத் தடுமாறிப் பற்றிக்கொள்ளும். சாயங்காலம் லைனும் இறங்கி, ஜாயின்டும் தின்றால் எங்கே பற்றும்? இரண்டு குறைகள், தனித்தனியாக இருந்தால் எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

தீப்பொறி அவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். எல்.இ.டி. பேட்டன் மாட்டியிருந்தால் அதன் கரண்ட் குறைவு, 20 வாட்டுக்கு 0.1 ஆம்பியர் பக்கம். விளக்கு எரிந்திருக்கும், ஜாயின்டும் அப்படியே இருந்திருக்கும். பிறகு யாராவது அந்த வயரிலிருந்து ஒரு பிளக் பாயின்ட் எடுத்தால்?

தீப்பொறி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். நான் வெளிச்சத்தையும் கரண்ட் பில்லையும் மட்டும் யோசித்தேன், வயரின் வயதைக் கேட்கவில்லை. எல்.இ.டி. நல்லது என்பதில் மாற்றமில்லை, ஆனால் வயரைச் சரி செய்த பிறகு.

காவிரிக்கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன பிளக் பாயின்ட் விஷயம் கேட்டு எனக்குத் திக்கென்றது. தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கிக்கொடுக்க நினைத்திருந்தேன். அதற்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் டியூப் வயரிலிருந்தே ஒரு பாயின்ட் இழுத்துவிடலாம் என்று பேசியிருந்தோம்.

வயர்மேன்_திருச்சி எழுதியது:

750 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஜாயின்டில் அதை ஓட்டியிருந்தால் அன்றைக்கே நெருப்பு.

இப்போது செய்ய வேண்டியது. கரிந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்ச அலுமினியத்தில் மறுபடி முறுக்க வேண்டாம். சுவிட்ச் போர்டிலிருந்து டியூப் செட் வரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் புது காப்பர் வயர், 1.5 சதுர மில்லிமீட்டர், பி.வி.சி. கேசிங்கில் ஓட்டச் சொல்லுங்கள். ஃபேஸ் சுவிட்ச் வழியாக, சோக் ஃபேஸ் பக்கம். தகர ஃபிட்டிங்குக்கு எர்த் வயர் கட்டாயம். பழைய வீட்டு லைட் பாயின்டுகளில் எர்த் இருக்காது, போர்டு வரைக்காவது வருகிறதா என்று பாருங்கள். மெஷினுக்கும் இஸ்திரிக்கும் மெயினிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ்.

முடிந்தால் மற்ற அறைகளின் ரவுண்ட் பிளாக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள். அதே காலத்தில், அதே கை செய்த வேலை. ஒரே நாளில் முழு வயரிங்கையும் மாற்றப் பணம் இல்லை என்றால் அதிகம் இழுக்கிற பாயின்டுகளை முதலில் மாற்றுங்கள்.

ஸ்பின்னிங்_மில் எழுதியது:

போர்டில் 206 என்பதையும் விட்டுவிடாதீர்கள். வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். 216-க்குக் கீழே போகக்கூடாது. சில நாள் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்து, உங்கள் பகுதி மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நிற்காது. அதற்கு முன் மீட்டர் போர்டிலும் கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் வயரிலும் தளர்ச்சி இல்லையா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வீட்டின் குறையே அங்கேயும் இருக்கலாம்.

காவிரிக்கரை எழுதியது:

வயர் மாற்றியாகிவிட்டது. போர்டில் 207, கனெக்டரில் சுமையோடு 206. நேற்று சாயங்காலம் போட்டதும் இரண்டு மினுக்கில் பற்றிக்கொண்டது. அப்பா வேண்டுமென்றே அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

மற்ற அறைகளையும் திறந்தோம். சமையலறை ரவுண்ட் பிளாக்கிலும் டேப் இளகியிருந்தது, ஆனால் மரம் கரியவில்லை. அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள் பாக்கி. முதலில் கழற்றிய பழைய டியூபும் சோக்கும் நன்றாகவே இருந்திருக்கும்தானே? இன்னொன்று, நூல் நிறம் பார்க்க டியூப் நல்லதா, எல்.இ.டி. நல்லதா?

சாலிடர்_புகை எழுதியது:

பழைய சோக்கை டெஸ்ட் போர்டில் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது அநேகமாக நல்ல நிலையில்தான் இருக்கும். பழைய டியூப் இரவெல்லாம் மினுக்கியிருந்தால் முனை கறுத்திருக்கும். ஓரளவு கறுத்திருந்தாலும் கொஞ்ச நாள் ஓடும்.

நிறம் பார்க்க, டியூபின் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 865 என்றால் முதல் இலக்கம் 8, நிறங்களை நன்றாகக் காட்டும் வகை. 65 என்பது 6500 கெல்வின், பகல் வெள்ளை. 765 என்றால் பழைய வகைப் பொடி, நிறம் கொஞ்சம் மங்கித் தெரியும். கறுப்பும் கருநீலமும் குழம்புவது அதில்தான் அதிகம். எல்.இ.டி. வாங்கினால் அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) என்று போட்டிருப்பதைப் பாருங்கள், 90-க்கு மேல் கிடைத்தால் தையலுக்கு மிகவும் நல்லது. எந்த விளக்காக இருந்தாலும் ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு நூல் வெயிலில் பிரிந்து தெரிய வாய்ப்பு உண்டு. அப்பா வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது சரியான பழக்கம், அதை விடச் சொல்லாதீர்கள்.

தீப்பொறி எழுதியது:

டியூபுகள் கடையில் குறைந்துகொண்டே வருகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்தத்தின்படி நீளக் குழல் டியூபுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-ல் முடிவாகியிருக்கிறது. ஸ்டார்ட்டர், சோக்கும் கூடவே மறையும். இப்போது இருக்கிற டியூப் தீரும்வரை ஓட்டிவிட்டு அடுத்தது எல்.இ.டி. என்று வைத்துக்கொண்டால் போதும்.

வயர்மேன்_திருச்சி எழுதியது:

அப்படி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. முழு பேட்டன் வாங்கினால் பழைய செட்டை மொத்தமாகக் கழற்றிவிடுங்கள். பழைய தகர ஃபிட்டிங்கிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டுவதென்றால் அதோடு வருகிற வயரிங் படத்தின்படி மட்டும் செய்யுங்கள். சிலதில் ஒரே முனையின் இரண்டு பின்னுக்கும் ஃபேஸும் நியூட்ரலும் நேராகப் போகும். அந்த ஃபிட்டிங்கில் பிற்பாடு யாராவது தெரியாமல் பழைய டியூபை மாட்டினால் 230 வோல்ட் நேரே இழையில் பாய்ந்து வெடிக்கும். ஃபிட்டிங்கின் மேல் 'எல்.இ.டி. மட்டும்' என்று பெயின்டால் எழுதி வையுங்கள்.

தீர்ந்த டியூபைக் குப்பையில் உடைத்துப் போடாதீர்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்து சற்று நேரம் வெளியே இருந்துவிட்டு, துடைப்பம் போடாமல், தடித்த அட்டையால் துண்டுகளை ஒதுக்கி, ஈரக் காகிதத்தால் துடைத்து ஒரு பையில் கட்டி வையுங்கள். முழு டியூபை வாங்கி வந்த அட்டை உறையிலேயே போட்டு, மின்கழிவு எடுக்கிற இடம் கும்பகோணத்தில் கிடைத்தால் கொடுத்துவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

செய்கிறேன் அண்ணா. கேட்டபோதெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதினீர்கள், எல்லோருக்கும் நன்றி. கரிந்த ரவுண்ட் பிளாக்கை எலக்ட்ரிஷியன் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அதே தெருவில் அதே காலத்து வீடுகள் இன்னும் இருக்கின்றனவாம், அங்கே போகும்போது காட்ட வேண்டும் என்றாராம். மெஷினுக்குத் தனி வயர் அடுத்த வாரம் போடுகிறோம். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போதுமா?

வயர்மேன்_திருச்சி எழுதியது:

போதும். மூன்று வயர், எர்த்தோடு. 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனி எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக, கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்). இஸ்திரிப் பெட்டி நிற்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் வரும்படி வையுங்கள், அப்பா எட்டி அணைக்க வேண்டியிருக்கக் கூடாது.